சிப் எந்த வேகத்தில் ஓடும்? மாறுபாடுகளையும் சேர்த்துக் கணிக்கும் முறை

இறுதியாண்டு பிராஜெக்ட் ரிவ்யூக்களில் தவறாமல் வரும் ஒரு ஸ்லைடு: "எங்கள் டிசைன் 150 மெகாஹெர்ட்ஸில் ஓடும்." எந்த வோல்டேஜில், எந்த வெப்பநிலையில், எந்த கார்னரில் (தயாரிப்பு எந்த ஓரத்துக்கு விலகிய சிப்பில்) என்று கேட்டால் பதில் இருக்காது. சிந்தசிஸ் (டிசைனைக் கேட்டுகளாக மாற்றும் படி) முடிந்ததும் டூல் காட்டிய ஸ்லாக்கை, அதாவது கிளாக் தரும் நேரத்தில் மிஞ்சுவதைப் பார்த்து எழுதிய எண் அது. அந்த நேரத்தில் கம்பிகள் எங்கே போகும் என்றே டூலுக்குத் தெரியாது. லைப்ரரியும் (கேட்டுகளின் டிலே அட்டவணை) டிபிகல் லைப்ரரி. அதை வைத்து வேகம் சொல்வது, மனையைப் பார்க்காமல் வீட்டுக்கு எஸ்டிமேட் போடுவது மாதிரி.

காலாப்பட்டு ஹாஸ்டல் அறையிலோ கடலூர் வீட்டிலோ இருக்கும் சாதாரண லேப்டாப்பிலேயே இதை ஒழுங்காகச் செய்துபார்க்கத் தேவையானவை இப்போது இலவசமாகக் கிடைக்கின்றன. ஸ்கைவாட்டரின் 130 நானோமீட்டர் பிடிகே (சிப் ஆலையின் விதிகளும் மாடல்களும் அடங்கிய தொகுப்பு) 2020-ல் கூகுளோடு சேர்ந்து பொதுவில் விடப்பட்டது. அதோடு லேஅவுட் செய்யும் ஓப்பன்லேன், டைமிங் பார்க்கும் ஓப்பன்எஸ்டிஏ, சர்க்யூட்டைச் சிமுலேட் செய்யும் என்ஜிஸ்பைஸ் மூன்றும் போதும். கீழே வரும் அகலங்களும் ஷீட் ரெசிஸ்டன்ஸும் அந்தப் ப்ராசஸுக்கு உரியவை. சிக்மா (சராசரியிலிருந்து சிதறும் அளவு), கெப்பாசிட்டன்ஸ் எண்கள் கணக்கைக் காட்ட எடுத்துக்கொண்டவை. அவற்றின் இடத்தில் உங்கள் டிசைனின் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் மாறுபாட்டைப் பிரியுங்கள்

புதுச்சேரி பஸ் ஸ்டாண்டிலிருந்து கடலூர் போகும் பஸ் ஒவ்வொரு நிறுத்தத்திலும் கொஞ்சம் முன்பின் ஆகும். முதலியார்பேட்டையில் ஒரு நிமிஷம் கூடினால் தவளக்குப்பத்தில் ஒரு நிமிஷம் மிச்சமாகலாம். மொத்தத்தில் பாதி அடிபட்டுப்போகும். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் கதை வேறு: எல்லா இடத்திலும் சேர்ந்தே தாமதம், எதுவும் அடிபடாது.

சிப்பிலும் இதே இரண்டு வகைதான். கேட் நீளம், ஆக்சைடு தடிமன், இம்பிளான்ட் அளவு ஆகியவை லாட்டுக்கு லாட், வேஃபருக்கு வேஃபர், டைக்கு டை மாறும்போது ஒரு டையில் உள்ள எல்லா டிரான்சிஸ்டரும் சேர்ந்து நகரும். இது குளோபல், மழை வகை. சானலில் விழுந்த டோப்பன்ட் அணுக்களின் எண்ணிக்கையும் கேட் விளிம்பின் சொரசொரப்பும் பக்கத்துப் பக்கத்து டிரான்சிஸ்டர்களையே வித்தியாசப்படுத்தும். இது லோக்கல், நிறுத்த வகை. இரண்டையும் ஒரே சதவீதமாகக் கலந்து எழுதியதுமே கணிப்பு கெட்டுவிடும்.

வோல்டேஜையும் வெப்பநிலையையும் மூன்றாவதாகத் தனியே வையுங்கள். அவை புள்ளியியல் இல்லை. பயன்படுத்துகிறவர் சிப்பை நாள் முழுக்க 1.60 வோல்ட்டில் வைத்திருக்க முடியும். "அது மூன்று சிக்மா, அபூர்வம்" என்று அவரிடம் சொல்ல முடியாது. எனவே இவற்றை எல்லையிலேயே வைத்துக் கணக்கிட வேண்டும். சிக்மாக்களுக்குப் பின்னால் செய்யப்போகும் வர்க்கக் கூட்டலில் சேர்க்கக் கூடாது.

நான்காவது கம்பி. பலர் கோட்டைவிடும் இடம் இதுதான். டிரான்சிஸ்டரைச் செய்யும் படிகள் வேறு, உலோகத்தைப் படியவைத்து, எட்ச் செய்து, மேலே உள்ள இன்சுலேட்டரைத் தேய்த்துச் சமன் செய்யும் படிகள் வேறு. ஸ்லோ டிரான்சிஸ்டர் கொண்ட டையில் கம்பியும் மோசமாகத்தான் இருக்கும் என்று எந்த விதியும் இல்லை.

கம்பியைக் கையால் ஒருமுறை போட்டுப் பாருங்கள்

டூலிடம் போவதற்கு முன் ஒரு மில்லிமீட்டர் கம்பியைப் பேப்பரில் கணக்கிட்டால் பாதி குழப்பம் தீரும். மெட்டல் 2-ல் குறைந்தபட்ச அகலம் 0.14 மைக்ரான். 1000-ஐ 0.14-ஆல் வகுத்தால் 7143 சதுரங்கள். சதுரத்துக்கு 0.125 ஓம் என்றால் 893 ஓம். கெப்பாசிட்டன்ஸை மைக்ரானுக்கு 0.2 ஃபெம்டோஃபாரட் என்று எடுத்தால் மொத்தம் 200 ஃபெம்டோ. நீளவாக்கில் பரவிய ஆர்சி என்பதால் டிலே 0.38 × ஆர் × சி, அதாவது சுமார் 68 பிகோசெகண்ட்.

இப்போது அந்தக் கம்பியை ஓட்டும் கேட்டைச் சேருங்கள். அதன் எஃபெக்டிவ் ரெசிஸ்டன்ஸ் 3 கிலோஓம் என்றால் 0.69 × 3000 × 200 ஃபெம்டோ = 414 பிகோசெகண்ட். ஆக, இந்த டெக்னாலஜியில் கம்பியின் சொந்த ரெசிஸ்டன்ஸ் ஓரமாக நிற்கிறது. கேட்டின் ரெசிஸ்டன்ஸ் கம்பியின் கெப்பாசிட்டன்ஸைச் சுமப்பதுதான் செலவு. செட்டப்புக்கு (அடுத்த கிளாக்குக்கு முன் டேட்டா வந்துசேர வேண்டும் என்ற நிபந்தனைக்கு) இங்கே முக்கியமான கம்பி கார்னர், கெப்பாசிட்டன்ஸ் கூடிய கார்னர். புதிய, மெல்லிய டெக்னாலஜிகளில் கணக்கு தலைகீழாகும். செம்புக் கம்பி மிகக் குறுகும்போது எலக்ட்ரான்கள் சுவரிலும் கிரெய்ன் எல்லையிலும் மோதி ரெசிஸ்டிவிட்டியே ஏறிவிடும். அங்கே ரெசிஸ்டன்ஸ் கூடிய கார்னரைத் தவறவிட்டால் மாட்டிக்கொள்வீர்கள்.

கம்பியின் தடிமன் கூடினால் ரெசிஸ்டன்ஸ் குறையும், ஆனால் பக்கத்துக் கம்பியைப் பார்க்கும் சுவர் உயர்வதால் கப்ளிங் கெப்பாசிட்டன்ஸ் கூடும். அகலம் கூடினாலும் அப்படித்தான்: ரெசிஸ்டன்ஸ் இறங்கும், இடைவெளி குறைந்து கப்ளிங் ஏறும். ஒரு கம்பி ஆர், சி இரண்டிலும் ஒரே நேரத்தில் உச்சத்துக்குப் போவது கடினம். "மேக்ஸ் ஆர், மேக்ஸ் சி" என்று இரண்டையும் சேர்த்துத் திணித்தால் எந்தப் ஃபேபிலும் பிறக்காத ஒரு சிப்புக்காக டிசைன் செய்கிறீர்கள். சி-வர்ஸ்ட், ஆர்சி-வர்ஸ்ட் என்று தனித்தனிக் கார்னர்கள் வந்ததற்குக் காரணம் இதுவே.

இந்தப் ப்ராசஸுக்கே உரிய ஒரு பொறி லோக்கல் இன்டர்கனெக்ட் லேயர். அது டைட்டானியம் நைட்ரைடு. சதுரத்துக்குச் சுமார் 12.8 ஓம். 0.17 மைக்ரான் அகலத்தில் வெறும் 100 மைக்ரான் ஓடவிட்டால் ஏழாயிரம் ஓமுக்கு மேல் போகும். அதே நீளம் மெட்டல் 1-ல் 90 ஓம் கூட ஆகாது. கையால் லேஅவுட் வரைகிறவர்கள் செல்லுக்குள் இணைக்க மட்டும் அதைப் பயன்படுத்துங்கள்.

வெப்பத்தையும் மறக்க வேண்டாம். அலுமினியத்தின் ரெசிஸ்டன்ஸ் டிகிரிக்கு ஏறக்குறைய 0.4 சதவீதம் ஏறும். 25-லிருந்து 100 டிகிரிக்குப் போனால் சுமார் 30 சதவீதம்.

டூலில் செய்யும் வரிசை

ரூட்டிங் முடிந்த டிசைனிலிருந்து ஸ்பெஃப் ஃபைல்கள் (கம்பிகளின் ஆர், சி பட்டியல்) மூன்று வேண்டும்: மின் (குறைந்தபட்சம்), நாம் (வழக்கமானது), மேக்ஸ் (அதிகபட்சம்). ஓப்பன்லேனின் எக்ஸ்ட்ராக்ஷன் படி இதைத் தானே கொடுக்கும். லைப்ரரியும் மூன்று: எஸ்எஸ் (ஸ்லோ), 100 டிகிரி, 1.60 வோல்ட்; டிடி (டிபிகல்), 25 டிகிரி, 1.80 வோல்ட்; எஃப்எஃப் (ஃபாஸ்ட்), மைனஸ் 40 டிகிரி, 1.95 வோல்ட். மூன்றையும் மூன்றையும் கோத்தால் ஒன்பது. ஒன்பதையும் ஓட்டுங்கள். செட்டப் எஸ்எஸ்-மேக்ஸில் கவிழும், ஹோல்டு (டேட்டா சீக்கிரமே மாறிவிடக் கூடாது என்ற நிபந்தனை) எஃப்எஃப்-மின்னில் கவிழும் என்பது பெரும்பாலும் சரி, எப்போதும் சரியில்லை. கிளாக் மரத்தில் நீளமான கம்பியும் டேட்டா பாதையில் குட்டைக் கம்பியும் இருந்தால் ஹோல்டு மேக்ஸ் ஸ்பெஃப்பிலேயே விழலாம்.

இந்த மூன்றோடு மைனஸ் 40 டிகிரியில் உள்ள எஸ்எஸ் லைப்ரரி ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சூடேறினால் எலக்ட்ரான்களின் மொபிலிட்டி குறைந்து கேட் மெதுவாகும். அதே சூட்டில் திரெஷோல்டு வோல்டேஜ் இறங்கிக் கேட் வேகமாகும். சப்ளை குறையக் குறைய இரண்டாவது ஜெயிக்கும், அப்போது குளிர்தான் மெதுவான முனை. "எங்கள் ஊரில் மைனஸ் 40 எங்கே வரும்?" என்று ரிவ்யூவில் சிரிப்பார்கள். இந்த டிகிரியெல்லாம் ஊர் வெப்பநிலை இல்லை, சிலிக்கானுக்கானது. கேட்பது, சிப் வேலை செய்யும் என்று சொல்லி விற்கும் வெப்ப வரம்பு.

ரிப்போர்ட்டை நம்புவதற்கு முன் சரிபார்க்க வேண்டியவை சில. பாராசிட்டிக் அனோட்டேஷன் ரிப்போர்ட் எடுத்து, ஸ்பெஃப் ஒட்டாத நெட்டுகள் எத்தனை என்று பாருங்கள். ஹயரார்க்கி பிரிக்கும் குறி ஸ்பெஃப்பில் ஒரு மாதிரியும் நெட்லிஸ்டில் வேறு மாதிரியும் இருந்தால் பாதி நெட்டுகள் பேசாமல் பூஜ்யக் கம்பியாகிவிடும். டூல் சத்தம் போடாது. ஸ்லாக் மட்டும் அழகாக இருக்கும். கிளாக் மரம் கட்டிய பிறகு எஸ்டிசியில் (டைமிங் நிபந்தனைகள் உள்ள ஃபைலில்) ப்ராபகேட்டட் கிளாக் போட்டீர்களா என்று பாருங்கள். போடாவிட்டால் கிளாக் இன்னும் கற்பனைக் கிளாக்தான். மரம் கட்டுவதற்கு முன் ஸ்கியூவுக்காக (கிளாக் ஒவ்வொரு ஃப்ளாப்புக்கும் முன்பின் வந்துசேர்வதற்காக) வைத்த அன்சர்ட்டன்டியை அப்போது குறைத்தும் ஆகவேண்டும், இல்லையென்றால் ஸ்கியூவை இரண்டுமுறை எண்ணுகிறீர்கள். ஒரே விளிம்பில் பார்க்கும் ஹோல்டு செக்குக்குக் கிளாக் ஜிட்டர் தேவையில்லை என்பதையும் மனதில் வையுங்கள்.

ஸ்லூவும் (சிக்னல் ஏறி இறங்க எடுக்கும் நேரம்) ஒரு கண்ணி. இந்த லைப்ரரியில் டிரான்சிஷன் வரம்பு 1.5 நானோசெகண்ட். அதைத் தாண்டிய பின்னில் (கேட்டின் இணைப்பு முனையில்) டூல் அட்டவணைக்கு வெளியே கோடு நீட்டி டிலே சொல்கிறது. அந்த எண்ணுக்கு மதிப்பில்லை. ஸ்லூ மீறல்களைச் சரிசெய்த பிறகே ஸ்லாக்கைப் படியுங்கள்.

ஒரே டிரேட் எல்லாப் பாதைக்கும் பொருந்தாது

லோக்கல் மாறுபாட்டைக் கணக்கில் கொண்டுவர எளிய வழி டைமிங் டிரேட், அதாவது டிலேயை ஒரு எண்ணால் பெருக்குவது: லேட்டுக்கு 1.05, இயர்லிக்கு 0.95 என்கிற மாதிரி. எளிதுதான், ஆனால் இரண்டு பக்கமும் தப்பு செய்யும். ஒரு கேட்டின் டிலே 325 பிகோ, லோக்கல் சிக்மா 4 சதவீதம், அதாவது 13 பிகோ என்று கொள்ளுங்கள். தனித்தனியான மாறுபாடுகள் வர்க்கமூலத்தில் கூடும். 16 கேட் பாதையின் டிலே 5.2 நானோ; சிக்மா 13 × 4 = 52 பிகோ; மூன்று சிக்மா 156 பிகோ, அதாவது 3 சதவீதம். நான்கு கேட் பாதைக்கு 6 சதவீதம். இரண்டுக்கு 8.5. ஒரே கேட்டுக்கு 12.

எல்லாவற்றுக்கும் 8 சதவீதம் போட்டால் நீளமான செட்டப் பாதையில் 260 பிகோ வீணாகிறது. அதே 8 சதவீதம் ஒரு ஃப்ளாப்பிலிருந்து அடுத்த ஃப்ளாப்புக்கு நேராகப் போகும் ஹோல்டு பாதையில் போதவில்லை. வீணானது பரவாயில்லை, கொஞ்சம் வேகம் போகும். போதாதது ஆபத்து: செட்டப் தவறினால் கிளாக்கைக் குறைத்தாவது டெமோ காட்டலாம், ஹோல்டு தவறிய சிப்புக்குக் கிளாக்கைக் குறைத்தும் பயனில்லை. பாதையின் ஆழத்துக்குத் தக்க டிரேட் கொடுக்கும் அட்டவணைகள் இதற்காகவே வந்தன. இன்னும் புதிய லைப்ரரிகளில் ஒவ்வொரு கேட்டுக்கும் ஸ்லூ, லோடு வாரியாகச் சிக்மாவே எழுதியிருக்கும். உங்கள் கையில் அவை இல்லையென்றால் குறைந்தபட்சம் ஹோல்டுக்கு ஒரு டிரேட், செட்டப்புக்கு ஒரு டிரேட் என்று பிரித்து வையுங்கள்.

அந்த 4 சதவீதம் எங்கிருந்து வரும்? திரெஷோல்டு சிதறலிலிருந்து. 1989-ல் வந்த பெல்க்ரோம் விதிப்படி சிக்மா, பரப்பின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதம். இந்த லைப்ரரியின் சிறிய இன்வர்ட்டரில் என்மாஸ் அகலம் 0.65, நீளம் 0.15 மைக்ரான், பரப்பு 0.0975, அதன் வர்க்கமூலம் 0.312. மாறிலியை 4 மில்லிவோல்ட்-மைக்ரான் என்று வைத்தால் 12.8 மில்லிவோல்ட். இது ஒரு ஜோடியின் வித்தியாசத்துக்கான சிக்மா. தனி டிரான்சிஸ்டருக்கு 1.41-ஆல் வகுத்து 9 மில்லிவோல்ட் என்று எடுக்க வேண்டும். இந்த வகுத்தல் விடுபட்ட ரிப்போர்ட்டுகள் நிறையவே உண்டு.

டிரேட் போட்டவுடன் கூடவே கிளாக் கன்வர்ஜென்ஸ் திருத்தத்தையும் இயக்குங்கள். புதுச்சேரியிலிருந்து ஒருவர் வீராம்பட்டினத்துக்கும் இன்னொருவர் கடலூருக்கும் ஒரே பஸ்ஸில் கிளம்பினால் அரியாங்குப்பம் வரை இருவருக்கும் ஒரே தாமதம்தான். அதுவரை ஒருவருக்குச் சீக்கிரம், மற்றவருக்கு லேட் என்று கணக்குப் போடுவது அபத்தம். லாஞ்ச் கிளாக்குக்கும் கேப்சர் கிளாக்குக்கும் பொதுவான மரக்கிளை 1.2 நானோ இருந்தால், 0.95-க்கும் 1.05-க்கும் இடையில் 120 பிகோசெகண்ட் இல்லாத பிழை சேர்ந்துவிடுகிறது. திருத்தம் அதைத் திருப்பித் தரும்.

கூட்டுவது எப்படி

அதே பாதை: கேட் 5.2 நானோ, கம்பி 0.6 நானோ, மொத்தம் 5.8. கேட்டின் குளோபல் சிக்மா 5 சதவீதம், 260 பிகோ. கம்பியின் சிக்மா 8 சதவீதம், 48 பிகோ. லோக்கல் 52 பிகோ. மூன்றும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை என்பதால் வர்க்கங்களைக் கூட்டி மூலம் எடுத்தால் 269 பிகோ; மூன்று சிக்மா 808 பிகோ. பாதை 6.61 நானோவில் நிற்கும். ஒவ்வொன்றின் மோசத்தையும் நேராகக் கூட்டியிருந்தால் 780 + 144 + 156 = 1080 பிகோ, பாதை 6.88. வித்தியாசம் 270 பிகோ சொச்சம், ஏறக்குறைய ஒரு கேட்.

இந்தக் கணக்கில் செய்யக் கூடாத காரியம் ஒன்று: எஸ்எஸ் லைப்ரரியின் டிலேக்கு மேல் குளோபல் சிக்மாவை மறுபடி கூட்டுவது. எஸ்எஸ் என்பதே குளோபலின் ஓரம். அங்கே லோக்கலையும் கம்பியையும் மட்டும் சேருங்கள். வர்க்கக் கூட்டலுக்கு அடிப்படை டிடி டிலே. வோல்டேஜும் வெப்பமும் மட்டும் எல்லையில்.

மான்டி கார்லோ

மேலே ஊகித்த சிக்மாக்களை என்ஜிஸ்பைஸில் மான்டி கார்லோ முறையில், அதாவது டிரான்சிஸ்டர் எண்களை ரேண்டமாக மாற்றிப் பலமுறை ஓட்டி, அளந்துகொள்ளலாம். முழு டிசைன் வேண்டாம். மோசமான பாதை ஒன்று, அதன் ஸ்பெஃப் ஆர்சியோடு. பிடிகே மாடலில் ப்ராசஸ் சுவிட்சும் மிஸ்மேட்ச் சுவிட்சும் தனித்தனி. முதலில் மிஸ்மேட்ச் மட்டும் போட்டு ஓட்டி லோக்கல் சிக்மாவை எடுங்கள், பிறகு ப்ராசஸ் மட்டும். இரண்டையும் சேர்த்தே ஓட்டினால் எது எவ்வளவு என்று பிரிக்க வழியில்லை.

பாதையின் முதல் கேட்டுக்கு நேரடி ஸ்டெப் கொடுக்க வேண்டாம். முன்னால் இரண்டு இன்வர்ட்டர் வைத்து நிஜமான ஸ்லூவை உண்டாக்குங்கள், பின்னால் ஒரு லோடு கேட் வையுங்கள். டிலேயை 50 சதவீதத்திலிருந்து 50 சதவீதத்துக்கு அளங்கள். டைம் ஸ்டெப் 1 பிகோவுக்கு மேல் போனால் 13 பிகோ சிக்மாவில் நீங்கள் அளப்பது சிமுலேட்டரின் சத்தத்தையும் சேர்த்து. 200 ரன்னிலும் ஒரே எண் வந்தால் ரேண்டம் சீடு மாறவில்லை. பாதை நீள நீள சதவீதச் சிக்மா குறையாமல் அப்படியே இருந்தால், எல்லா டிரான்சிஸ்டரும் ஒரே ரேண்டம் எண்ணைப் பகிர்கின்றன.

எத்தனை ரன்? சிக்மா மட்டும் வேண்டுமென்றால் 1000 போதும், பிழை 2 சதவீதம் சொச்சம். ஆனால் மூன்று சிக்மாவுக்கு அப்பால் எத்தனை சிப் விழும் என்பதை அதே 1000-ல் எண்ணப் பார்க்காதீர்கள். அங்கே விழுவது சராசரியாக ஒன்றோ இரண்டோதான். அந்த வாலை 10 சதவீதத் துல்லியத்தில் நேராக எண்ண சுமார் 74,000 ரன் ஆகும். சப்ளை நன்றாக இருக்கும்போது வால் ஏறக்குறைய காஸியன்தான், சிக்மாவைப் பெருக்கிக்கொள்ளலாம். திரெஷோல்டுக்கு அருகில் சப்ளையை இறக்கினால் வால் மெதுவான பக்கம் நீண்டுவிடும், அங்கே பெருக்கல் ஏமாற்றும்.

ஒரு பாதையைக் கணித்தால் சிப்பைக் கணித்ததாகாது. பவரும் ஏரியாவும் மிச்சம் பிடிக்க டூல் ஸ்லாக் உள்ள பாதைகளையெல்லாம் மெதுவாக்கி ஒரே சுவரில் கொண்டுவந்து நிறுத்திவிடும். 100 தனித்தனிப் பாதைகள் ஒரே டிலேயில் நின்றால் அவற்றில் மெதுவானதன் சராசரி, ஒரு பாதையின் சராசரியை விட 2.5 சிக்மா தள்ளி இருக்கும். லோக்கல் சிக்மா 52 பிகோ என்றால் 130 பிகோ. பாதைகள் கேட்டுகளைப் பகிர்ந்துகொள்வதால் நடைமுறையில் இது குறையும், ஆனால் பூஜ்யமாகாது. ஸ்லாக் ஹிஸ்டோகிராம் ஒன்று வரைந்து பாருங்கள்; பூஜ்ய ஸ்லாக் பக்கத்துச் சுவர் செங்குத்தாக இருந்தால் இந்தத் தொகையை ஒதுக்கிவையுங்கள்.

சிலிக்கான் வந்தபின் ஒப்பிட

டேப்அவுட்டுக்கு (டிசைனை ஃபேபுக்கு அனுப்புவதற்கு) முன்னே இரண்டு ரிங் ஆஸிலேட்டர் வைத்துவிடுங்கள்: ஒன்று வெறும் 31 இன்வர்ட்டர், மற்றது ஒவ்வொரு இன்வர்ட்டருக்கும் இடையில் நீளமான மெட்டல் கம்பியோடு. கேட்டுக்கு 50 பிகோ என்றால் வெறும் ரிங் 322.6 மெகாஹெர்ட்ஸில் சுற்றும். அதை அப்படியே பேடில் வெளியே எடுக்க முடியாது. உள்ளேயே 1024-ஆல் வகுத்தால் 315 கிலோஹெர்ட்ஸ், கல்லூரி லேப் ஸ்கோப்பே படிக்கும். வெறும் ரிங் டிரான்சிஸ்டரைச் சொல்லும், இரண்டு ரிங்கின் கேட் டிலே வித்தியாசம் கம்பியைச் சொல்லும். முதலாவது கணிப்பை விட 6 சதவீதம் மெதுவாகவும் வித்தியாசம் 3 சதவீதம் குறைவாகவும் வந்தால் டிரான்சிஸ்டர் ஸ்லோ பக்கம், கம்பி மின் (குறைந்தபட்ச) பக்கம்.

அளக்கும்போது அறைச் சூட்டைக் கணக்கில் எடுங்கள். கத்திரி நாட்களில் ஏசி இல்லாத லேபில் சிப் 25 டிகிரியில் இருக்காது. பேக்கேஜ் மேல் தெர்மோகப்பிள் ஒட்டி, அந்த டிகிரியில் சிமுலேஷனை மறுபடி ஓட்டி ஒப்பிடுங்கள். சப்ளையைப் பவர் சப்ளையின் டிஸ்ப்ளேயில் படிக்காமல் சிப்புக்குப் பக்கத்துக் கெப்பாசிட்டரில் மீட்டர் வைத்துப் படியுங்கள். 50 மில்லிவோல்ட் என்பது 1.8-ல் ஏறக்குறைய 3 சதவீதம், டிலேயும் கிட்டத்தட்ட அதே அளவு நகரும். நம் கடற்கரை ஊர்களில் உப்புக் காற்றில் பின் ஹெடரும் ஜம்பர் முனையும் சில மாதத்தில் பச்சை பூக்கும், அந்த இணைப்பிலேயே வோல்டேஜ் விழும். ரிங் மெதுவாக வந்தால் ஃபேபைக் குறை சொல்வதற்கு முன் ஹெடரை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, ஜம்பரை மாற்றி, ஒருமுறை மறுபடி அளந்துவிடுங்கள்.